முன்னால் நிற்கும் பின்னணி வேலை

ஜேடர்பாளையம் படுகை அணையில் காவிரி ராஜவாய்க்காலுக்குத் திரும்புகிறது. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக் காடுகளுக்குக் கிணறும் போரும்தான் கதி. அந்தக் காடுகளின் மோட்டார் ரூம்களில் பெரும்பாலும் ஒரு ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தாலும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். மடை திருப்ப மட்டும் ஆள் எழுந்து போனால் போதும். கணினியில் பின்னணி வேலை என்கிறார்களே, அதற்கு எங்கள் ஊரில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. யாரும் பார்க்காதபோதும் ஓட வேண்டும், நின்றால் திரும்ப எழ வேண்டும், வற்றிய கிணற்றில் ஓடிக் காயில் கருகிவிடவும் கூடாது.

வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறவன் என்பதால் பெரியப்பா ஒருநாள் கேட்டார்: “ஏஞ்சாமி, ராத்திரி கரண்டு எத்தன மணிக்குப் போச்சு, எத்தன மணிக்கு வந்துச்சுன்னு எழுதி வெக்கற மாதிரி ஒரு பொட்டி பண்ண முடியாதா?”

“பண்ணலாமுங்க பெரியப்பா, அது பெரிய வேலையில்லீங்க” என்று சொல்லிவிட்டேன். மேசையில் ஒரு ராஸ்பெரி பை சும்மா கிடந்தது. பேட்டரி இல்லாத கணினி, மின்சாரம் போனால் செத்துவிடும். இந்த வேலைக்கு அந்தக் குறைதான் வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை ஒரு கோப்பில் எழுதும் நான்கு வரி நிரல் போதும். கோப்பில் இடைவெளி விழுந்தால் அந்த நேரத்தில் மின்சாரம் இல்லை என்று பொருள். நான்கு வரிதானே, அதையும் கன்டெய்னருக்குள் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கிருந்து கிளம்பிய சந்தேகங்களையும், அவற்றுக்கு உலகம் இதுவரை சொல்லியிருக்கும் விடைகளையும் பரிசீலிப்பதுதான் இந்தக் கட்டுரை.

நாமக்கல் பக்கத்தில் கன்டெய்னர் என்றால் முதலில் லாரிதான் நினைவுக்கு வரும். 2024 செப்டம்பரில் திருச்சூரில் ஏடிஎம்களை உடைத்த கும்பல், காரையே கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு வந்து குமாரபாளையம் அருகே போலீசிடம் சிக்கிய பிறகு, அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரு கள்ளத்தனமும் ஒட்டிக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருப்பவருக்குத் தெரியாது. மென்பொருள் கன்டெய்னரில் கதை தலைகீழ். வெளியே இருக்கும் கணினிக்கு உள்ளே ஓடுவது அத்தனையும் தெரியும். உள்ளே இருக்கும் நிரலுக்குத்தான் வெளியே ஒரு உலகம் இருப்பதே தெரியாது.

கன்டெய்னர் தனிக் கணினி இல்லை என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அது லினக்ஸில் ஓடும் சாதாரணப் புராசஸ்தான், அதற்குக் கண்பட்டி கட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்த சிஎச்ரூட், ஒரு நிரலுக்கு ஒரு கோப்புறையைக் காட்டி ‘இதுதான் உன் முழு வட்டு’ என்று நம்பவைத்தது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அதே யோசனையை ‘ஜெயில்’ என்ற பெயரில் இன்னும் கடுமையாக்கியது. லினக்ஸில் இதே வேலை துண்டு துண்டாக நடந்தது. நமக்கு வேண்டிய துண்டு 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கெர்னலில் இருக்கிறது. ஒரு புராசஸ் கூட்டத்துக்குத் தனியாக எண் வரிசை தரும் ‘பிஐடி நேம்ஸ்பேஸ்’ அதில்தான் வந்தது. கூட்டத்துக்கு வள வரம்பு வைக்கும் ‘சிகுரூப்’பும் அதே கெர்னலில்தான் சேர்ந்தது. கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய அந்தச் சிகுரூப் வேலைக்கு முதலில் ‘புராசஸ் கன்டெய்னர்’ என்றுதான் பெயர். கன்டெய்னர் என்ற சொல்லை ஏற்கெனவே பலர் பலவிதமாகப் பயன்படுத்திக் குழப்பியதால் பெயரை மாற்றினார்கள். மாற்றியும் குழப்பம் தீரவில்லை என்பது வேறு விஷயம்.

இதில் நம் நாட்டுப் பங்கு அதிகம் பேசப்படாதது. ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் குழுவில் இருந்த ஸ்ரீவத்ஸ வட்டகிரி, புராசஸ் கூட்டங்களுக்கிடையே சிபியு நேரத்தைப் பங்கிடும் வேலையில் முக்கியமானவர். அதே குழுவின் பல்பீர் சிங் எழுதிய நினைவக வரம்புப் பகுதி 2.6.25இல் சேர்ந்தது. இன்று எந்த மேகக் கணினியிலாவது ‘இந்தக் கன்டெய்னருக்கு 512 எம்பிக்கு மேல் கிடையாது’ என்று எழுதினால் அந்த வரம்பைக் காவல் காப்பது அந்த வேலையின் வழிவந்த நிரல்தான். ராஸ்பெரி பையில் நான் அதே வரம்பை வைத்தபோது கெர்னல் ஏற்கவில்லை. பையின் இயங்குதளத்தில் நினைவகச் சிகுரூப் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பூட் ஆகும் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து எழுப்ப வேண்டும்.

2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைதான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை மேடையேற்றினார். ஐந்தே நிமிடப் பேச்சு. இருந்த துண்டுகளை ஒரே கட்டளையில் கோர்த்துக் கையில் கொடுத்ததுதான் டாக்கரின் சாமர்த்தியம். அதன்பின் கன்டெய்னர் வீட்டுச் சொல்லாயிற்று.

இனி பின்னணிக்கு வருவோம். பின்னணியில் ஓடும் நிரலை யூனிக்ஸ்காரர்கள் ‘டீமன்’ என்பார்கள். 1963 வாக்கில் எம்ஐடியின் பிராஜெக்ட் மேக்கில் பிறந்த பெயர். இயற்பியலர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதத்தின் நினைவாக வைத்தார்கள். டீமன் ஆவதற்கு ஒரு சடங்கு உண்டு. நிரல் தன்னைப் பிரதியெடுக்கும், தாய் செத்துவிடும், பிள்ளை முனையத்தோடு உள்ள உறவை அறுத்துக்கொள்ளும், மறுபடி ஒரு பிரதி எடுக்கும். இவ்வளவும் எதற்கு? முனையத்தின் முன் உட்கார்ந்தவர் எழுந்து போனால், அதாவது இணைப்பு அறுந்தால், அவர் தொடங்கிய வேலைகளையும் கணினி கொன்றுவிடும். அதிலிருந்து தப்பத்தான். கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் போடுவதும், முன்னால் ‘நோஹப்’ சேர்ப்பதும் அதே தப்பித்தலின் எளிய வடிவங்கள்.

கன்டெய்னருக்குப் புதிதாக வருகிறவர் இந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார். நானும் அப்படித்தான். என் நான்கு வரியை உள்ளே வைத்து, கடைசியில் ஆம்பர்சண்ட் போட்டு ஓட்டினேன். கன்டெய்னர் எழுந்தது, உடனே செத்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. வெளியேற்றக் குறியீடு பூஜ்யம், அதாவது ‘வேலை நல்லபடியாக முடிந்தது’ என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறது. இணையச் சேவையகமான எஞ்சின்எக்ஸை ‘சர்வீஸ் ஸ்டார்ட்’ என்று உள்ளே தொடங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். எஞ்சின்எக்ஸின் அதிகாரபூர்வக் கன்டெய்னர், ‘டீமன் ஆகாதே’ என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் அதை ஓட்டுகிறது.

காரணம் பிஐடி நேம்ஸ்பேஸ் தரும் அந்த எண் வரிசையில் இருக்கிறது. கன்டெய்னருக்குள் முதலில் எழும் புராசஸுக்கு எண் 1. அது இருக்கும் வரைதான் கன்டெய்னர். அது போன நொடியில் உள்ளே மிச்சமிருக்கும் அத்தனை புராசஸையும் கெர்னல் வெட்டிவிடும். என் நிரலை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் ஒன்று தொடங்கியது. அந்த ஷெல்தான் எண் 1. நிரலைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, தன் வேலை முடிந்ததென்று ஷெல் போய்விட்டது. பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனது. வெல்ல ஆலையில் பாகைக் கிண்டுகிறவர் கொப்பரையை விட்டு எங்கும் நகர முடியாது. எண் 1இன் பாடும் அதுதான்.

ஆகவே கன்டெய்னருக்குள் பின்னணி வேலை என்பது உள்ளே முன்னணியில்தான் நிற்க வேண்டும். பின்னணிக்கு அனுப்புவது வெளியே இருப்பவர் செய்யும் வேலை. டாக்கரில் ஓட்டும் கட்டளையோடு ‘கோடு டி’ என்று ஒரு எழுத்தைச் சேர்த்தால் முடிந்தது, முனையம் நமக்குத் திரும்பிவிடும், கன்டெய்னர் பின்னால் ஓடும். நாற்பது ஆண்டு டீமன் சடங்கு ஓரெழுத்தில் அடங்கிவிட்டது. இது புரிந்த நாளில் கன்டெய்னர் பற்றிய என் குழப்பங்களில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி நிறுத்துவதில் இருக்கிறது. டாக்கரிடம் ‘நிறுத்து’ என்றால் அது எண் 1க்கு 15ஆம் சமிக்ஞையை அனுப்பும். சிக்டெர்ம் என்பார்கள், ‘மூட்டை கட்டு’ என்ற மரியாதையான அறிவிப்பு. பத்து நொடி பார்க்கும். அதற்குள் போகாவிட்டால் 9ஆம் சமிக்ஞையான சிக்கில் போகும். அதற்கு மேல் முறையீடு இல்லை. வேறு எந்தப் புராசஸாக இருந்தாலும் 15 வந்தால் இயல்பாகவே செத்துவிடும். எண் 1க்கு மட்டும் கெர்னல் ஒரு சலுகை தருகிறது. ‘15 வந்தால் இதைச் செய்வேன்’ என்று அது தன் நிரலில் எழுதி வைத்திருந்தால் ஒழிய, அந்தச் சமிக்ஞை அதைத் தொடாது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் என் கன்டெய்னர் பத்து நொடி முறைத்துப் பார்த்துவிட்டுச் செத்ததற்குக் காரணம் இதுதான். வெளியேற்றக் குறியீடு 137, அதாவது 128உம் 9உம். கெட்ட சாவு.

இன்னொரு கோளாறும் உண்டு. கட்டளையை டாக்கர் கோப்பில் வெறும் வரியாக எழுதினால் டாக்கர் அதை ஒரு ஷெல்லுக்குள் வைத்து ஓட்டும். சதுர அடைப்புக்குள் துண்டு துண்டாக எழுதினால் நேரடியாக ஓட்டும். முதல் வழியில் பல சமயம் ஷெல்லே எண் 1 ஆகி, வரும் சமிக்ஞையைத் தன் பிள்ளைக்குச் சொல்லாமல் விழுங்கிவிடும். பார்க்கச் சின்ன எழுத்து வித்தியாசம். தொடக்கக்காரர்களை இவ்வளவு அலைக்கழிக்கும் வேறு இரண்டு குறியீடுகள் இந்தத் துறையில் இல்லை என்றே சொல்வேன்.

இந்த இடத்தில்தான் துறைக்குள்ளேயே நீண்ட வழக்கு ஒன்று நடக்கிறது: ஒரு கன்டெய்னருக்கு ஒரு வேலையா, பல வேலையா?

டாக்கர் தரப்பு ஆரம்பத்திலிருந்தே ஒன்று என்கிறது. பதிவேடுகளைப் பார்க்க எளிது, நின்றால் எது நின்றது என்று தெரியும், வரம்பு வைப்பதும் எளிது. எதிர்த் தரப்பு, நிஜ உலகில் ஒரு வேலை தனியாக வருவதில்லை என்கிறது. இணையச் சேவையகத்தோடு பதிவேட்டைச் சுழற்றும் வேலை, நேரம் பார்த்து ஓடும் கிரான் எல்லாம் கூடவே வரும். மேலும் எண் 1க்கு இன்னொரு கடமை இருக்கிறது: தாய் இறந்து அநாதையான பிள்ளைப் புராசஸ்கள் சாகும்போது அவற்றின் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அவை ‘ஸோம்பி’யாகப் பட்டியலில் தொங்கும். சாதாரண நிரல் இதற்காக எழுதப்பட்டதில்லை. ஃப்யூஷன் நிறுவனம் இந்தக் குறையைச் சொல்லித்தான், பல வேலைகளையும் மேய்க்கும் ஒரு எண் 1ஐ உள்ளே வைத்த ‘பேஸ்இமேஜ்’ கன்டெய்னரை வெளியிட்டது. சூப்பர்வைசர்டி, எஸ்6 போன்ற மேய்ப்பர்களும் அந்த வழியினர்தான். ரெட் ஹேட் தரப்பின் பாட்மேன் இன்னும் ஒரு படி மேலே போய், லினக்ஸ் கணினியில் எண் 1ஆக நின்று எல்லாவற்றையும் மேய்க்கும் சிஸ்டம்டியையே முழுதாகக் கன்டெய்னருக்குள் ஓட விடுகிறது.

சமரசமாக வந்தது ‘டினி’. பெயருக்கேற்ற பொடி நிரல். எண் 1ஆக நின்று வரும் சமிக்ஞையைப் பிள்ளைக்குக் கடத்தும், ஸோம்பிகளை அடக்கம் செய்யும், அதற்கு மேல் எதிலும் தலையிடாது. 2017 ஜனவரியில் வந்த டாக்கர் 1.13 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ‘இனிட்’ என்ற ஒரு சொல்லை ஓட்டும்போது சேர்த்தால் போதும். தொடக்கக்காரர் யார் கேட்டாலும் எதையும் யோசிக்காமல் இதைப் போட்டுவிடுங்கள் என்பேன். மேய்ப்பர்கள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை. உள்ளே மூன்று வேலை ஓடி, அதில் ஒன்று செத்து, மேய்ப்பர் அதை நிமிடத்துக்கு நாற்பது முறை எழுப்பிக்கொண்டிருந்தாலும், வெளியிலிருந்து பார்த்தால் கன்டெய்னர் ‘நலம்’ என்றே தெரியும். பல கணினிகளில் கன்டெய்னர்களை மேய்க்கும் குபெர்னெடிஸ் உலகம் வேலைகளைப் பக்கத்துப் பக்கத்துக் கன்டெய்னர்களாக வைத்து இந்த வழக்கைத் தீர்க்கப் பார்த்தது. ‘சைட்கார்’ என்று பெயர். 2014இலேயே குபெர்னெடிஸ் வந்துவிட்டாலும், அந்தப் பக்கத்து வண்டியை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பதற்கு 2023இன் 1.28 பதிப்பில்தான் உள்ளேயே ஒரு ஏற்பாடு முளைத்தது. பார்க்க எளிய இந்தக் கேள்வி பெரிய இடங்களையும் எத்தனை ஆண்டு உட்கார வைத்தது என்பதற்கு இதுவே சாட்சி.

திரும்ப எழுப்புவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தவருக்கு அது தெரியும். டாக்கரில் ‘எப்போதும்’ என்றும் ‘நானாக நிறுத்தாதவரை’ என்றும் இரண்டு ஏற்பாடுகள் பக்கத்தில் இருக்கும். கையால் நிறுத்திவிட்டுப் போன கன்டெய்னர், கணினி அணைந்து எழுந்ததும் முதல் ஏற்பாட்டில் தானாக ஓடும், இரண்டாவதில் ஓடாது. மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்க்கிறவருக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வற்றிய கிணற்றுக்கும் விடை உண்டு. எழுப்ப எழுப்ப விழும் கன்டெய்னருக்கு டாக்கர் 100 மில்லிநொடி இடைவெளியில் தொடங்கி அதை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி ஒரு நிமிடம் வரை கொண்டுபோகும். குபெர்னெடிஸ் பத்து நொடியில் தொடங்கி ஐந்து நிமிடம் வரை.

கிரானை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அது தன் வேலைகளுக்கு வெளிச் சூழல் மாறிகளைத் தராது, வெளியீட்டையும் பதிவேட்டுக்கு அனுப்பாது. ‘கையால் ஓட்டினால் ஓடுது, கிரானில் ஓடலை’ என்ற புலம்பல் அங்கிருந்துதான் வருகிறது. நேரம் பார்க்கும் வேலையை வெளிக் கணினியிடமே விட்டு, அது ஒவ்வொரு முறையும் ஒரு கன்டெய்னரை எழுப்பி முடிக்கச் செய்வது உத்தமம். பதிவேட்டைப் பற்றியும் ஒரு வரி: டாக்கர் இயல்பாக வைக்கும் பதிவேடு வளர்ந்துகொண்டே போகும், அளவு வரம்பை நாம்தான் சொல்ல வேண்டும். பையின் மெமரி கார்டில் இது விளையாட்டு இல்லை.

இனி பெரியப்பாவின் கோப்பு. முதல் வாரம் அதை அச்செடுத்துக் கொண்டுபோனேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன கரண்டு பகல் 12.30க்குப் போனதாக எழுதியிருந்தது. கன்டெய்னருக்குள் கடிகாரம் வெளிக் கணினியுடையதுதான், நேர மண்டலம் மட்டும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் அப்படித்தான் விழுங்கப்பட்டது. ‘ஆசியா/கொல்கத்தா’ என்று சூழல் மாறியில் எழுதினேன். அப்போதும் மாறவில்லை. நான் எடுத்த ஆல்பைன் லினக்ஸ் சில எம்பிக்குள் அடங்குவதற்காக நேர மண்டலத் தரவையே விட்டுவிட்டு வருகிறது. அதைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நேரம் பின்னால் போனது. ராஸ்பெரி பை 4 வரைக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. எழுந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று நம்பும், இணையம் வந்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். கரண்டு வந்து மோடம் எழுவதற்குள் என் நிரல் அவசரப்பட்டுப் பழைய நேரத்தை எழுதிவிட்டது. கடைசி வரியைவிட இப்போதைய நேரம் பின்தங்கியிருந்தால் பேசாமல் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். கோப்பையும் கன்டெய்னருக்கு வெளியே உள்ள கோப்புறைக்கு மாற்றினேன். உள்ளேயே வைத்தால் கன்டெய்னரை நீக்கும்போது அதுவும் போய்விடும்.

மூன்றாவது வாரத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்த பெரியப்பா ஒரு இடத்தில் விரல் வைத்தார். “எல்லாஞ் சரி கண்ணு. ஞாயித்துக்கிழமை பொழுதோட நாப்பது நிமிசம் கரண்டு போச்சுன்னு போட்டிருக்குது. அன்னைக்கு நான் மோட்டார் ரூம்லதான இருந்தேன், போவலியே.”

போகவில்லைதான். அன்று நான் நிரலைத் திருத்துவதற்காகக் கன்டெய்னரை நிறுத்தியிருந்தேன். கோப்புக்கு இரண்டும் ஒரே இடைவெளி.

அதுவரை பத்து நொடிக் கெட்ட சாவை ஒரு அழகுப் பிரச்சினையாகத்தான் நினைத்திருந்தேன். மின்சாரம் போகும்போது எவரும் சிக்டெர்ம் அனுப்புவதில்லை. நான் நிறுத்தினால்தான் அனுப்பப்படுகிறது. ஆகவே 15 வந்தால் ‘நிறுத்தினார்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகும்படி நிரலை மாற்றினேன். முதல் முயற்சியில் அதுவும் பலிக்கவில்லை. ஷெல், தான் தொடங்கிய அறுபது நொடித் தூக்கம் முடியும்வரை சமிக்ஞையைக் கவனிக்காது, டாக்கரோ பத்து நொடியில் வெட்டிவிடுகிறது. தூக்கத்தை ஆம்பர்சண்ட் போட்டுப் பின்னணிக்கு அனுப்பி, ஷெல்லை முன்னால் ‘வெய்ட்’ சொல்லி நிற்கவைத்தேன். நிரலை ஓட்டும் வரியையும் சதுர அடைப்புக்குள் எழுதினேன். முதல் நாள் தூக்கியெறிந்த ஆம்பர்சண்டுக்கு அந்த ஒரு இடத்தில்தான் வேலை இருந்தது.

இப்போது கோப்பில் இரண்டு வகை இடைவெளிகள் இருக்கின்றன, சொல்லிவிட்டுப் போனது ஒன்று, சொல்லாமல் போனது ஒன்று. சொல்லாமல் போனதை மட்டும் பெரியப்பா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.